தொண்ணூற்றிரண்டாம் எண்

மெஹபூப் பாஷா ஒரு பிரிண்டரைத் தொடும் முன் பிஸ்மில்லாஹ் சொல்வார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். பிறகு இடது கையால் பெட்டியின் மேல் மூடியை, மாட்டின் நெற்றியைத் தடவுவது போல ஒரு தடவு. அதற்கப்புறம்தான் கம்பி, அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர்.

எனக்கு அவரைத் தெரிந்தது ஆழ்வார்பேட்டையில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். கூட்டித் துடைப்பது, பிரிண்டரில் வரும் ரிசல்ட் தாளை எடுத்து உறையில் போட்டுப் பேர் பார்த்துக் கொடுப்பது, இரண்டும் என் வேலை. அஞ்சாங்கிளாஸ் தமிழ் அதற்குப் போதுமானதாக இருக்கிறது. பாஷா பாய்க்கு வீடு மீர்சாகிப்பேட்டையில். ஐம்பத்தொரு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரோல் வெள்ளை பிளாஸ்திரி, ஆஸ்பத்திரியில் ஊசி குத்தின இடத்தில் ஒட்டுவார்களே அதேதான். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் அதைச் சுற்றி, பால்பாயிண்ட் பேனாவால் எண் எழுதுவார்.

இளவயதில் கிண்டியில் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் கம்பி இழுக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்ததெல்லாம் யூனிக்ஸ் மெஷின். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடையாது. இன்ஜினீயர்கள் என்ன தட்டுகிறார்கள் என்று பின்னால் நின்று பார்த்து, இங்கிலீஷ் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர். மற்ற கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் மாட்ட ஆள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. யூனிக்ஸ் என்றால் அடையாற்றிலிருந்து தி.நகர் வரை இவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் டாக்டரம்மா வைரஸ் வராது என்று சொல்லி அந்த மெஷினைத்தான் வாங்கியிருந்தார்.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. நிலையம் புது இடத்துக்கு மாறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கீழ்த்தளம் எங்களுடையது. மாடி பூட்டிக் கிடந்தது. பாய் வந்து புது பிரிண்டரைச் சுவரோரம் வைத்தார்.

"இது நெட்வொர்க் பிரிண்டர் ஆபா," என்றார் என்னிடம். ஆபா என்றால் அக்கா, அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "ஒரு கம்ப்யூட்டருக்குக் கட்டுப்பட்டது இல்ல. தெருவுல இருக்கிற வூடு மாதிரி. இதுக்கு ஒரு கதவு நம்பர் குடுப்பேன். அந்த நம்பரைக் கம்ப்யூட்டர் கிட்ட சொல்லிட்டா, அது வந்து கதவைத் தட்டும், இது திறக்கும்."

"வேற யாராவது தட்டினா?"

"நம்பர் தெரிஞ்சா யாருக்கும் திறக்கும். யாருன்னு கேக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிரிண்டரின் சின்னத் திரையில் எண்ணைத் தட்டினார். நாலு பகுதியாக வரும் எண். கடைசிப் பகுதி தொண்ணூற்றிரண்டு. அது ஏன் என்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது. எங்கள் ஜனங்கள் கடிதத்தின் தலையில் எழுநூற்று எண்பத்தாறு எழுதி, பக்கத்தில் தொண்ணூற்றிரண்டும் எழுதுவார்கள். முந்தினது பிஸ்மில்லாஹ்வுக்கு எழுத்துக் கணக்கில் வரும் எண், பிந்தினது நபிகளின் பெயருக்கு.

"எழுநூத்தி எம்பத்தாறு குடுக்கலாம்னா, இந்தக் கணக்குல எரநூத்தி அம்பத்தி நாலுக்கு மேல போவ முடியாது ஆபா. அதான் இது. இருவது வருசமா எங்க போனாலும் இதைத்தான் குடுக்கறேன். ஒரு எடத்துல கெட்டதுன்னு வந்ததில்ல."

கம்பியின் நுனியில் பிளாஸ்திரியைச் சுற்றி 92 என்று எழுதினார். சோதனைத் தாள் அழகாக வந்தது. டீ குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து இருபதுக்கு, யாரும் எதுவும் அனுப்பாமல், பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டது. உள்ளே ஏதோ உருண்டது. ஒரு தாள் வெளியே வந்தது. ரிசல்ட் என்று நினைத்து எடுத்தேன். சூடாக இருந்தது. மேலே 'நாளை' என்று ஒரே சொல். கீழே இரண்டு பெயர்கள், பக்கத்தில் எண்கள். மங்களாம்பாள் 17. கோதண்டம் 63. வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை அதே பத்து இருபது. ஒரு பெயர். திங்கட்கிழமை மூன்று. வரவேற்பில் உட்காரும் லாவண்யா அன்றைய தாளை வாங்கிப் பார்த்தாள். கண் ஒரு இடத்தில் நின்றது.

"அக்கா, நீலாயதாட்சி. எங்க தெரு டீச்சர். எனக்கு மூணாவது எடுத்தாங்க."

"வரச் சொல்லேன், டெஸ்ட் எடுக்க வந்திருப்பாங்களோ என்னவோ."

"அவங்க செத்து ஆறு வருஷம் ஆச்சு."

அதே நேரம் ரத்தம் கொடுக்கக் காத்திருந்த ஒரு பெரியவர், மேஜைமேல் கிடந்த சனிக்கிழமைத் தாளை எட்டிப் பார்த்து, "இது எங்க மாமனார் பேராச்சே, போய்ச் சேர்ந்துட்டாரே, இங்க எதுக்கு?" என்றார். லாவண்யா மூன்று தாளையும் கவிழ்த்து வைத்தாள். நான் பயம் வந்தால் ஓதும் ஆயத்துல் குர்ஸியை மனசுக்குள் ஓத ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் காலை பத்து மணி ஆனால் அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் போகவில்லை. கபாலி ஒருவர்தான் கேலி பேசினார். கபாலி வீடு வீடாகப் போய் வயசானவர்களுக்கு ரத்தம் எடுத்து வருகிறவர். நாற்பத்தெட்டு வயது. வாய் ஓயாது.

"எம்மா லாவண்யா, செத்தவங்கல்லாம் சுகர் டெஸ்ட்டுக்கு அப்பாய்ண்ட்மெண்ட் கேக்கறாங்கம்மா. வெறும் வயித்துல வரச் சொல்லு!"

அவருக்கு நெஞ்சில் அடைப்பு. ஒரு மாதமாக மாடிப்படி ஏறினால் மாரைப் பிடித்துக்கொள்வார். வாய்வு என்று சொல்லி முக்குக் கடையில் பன்னீர் சோடா வாங்கிக் குடிப்பார். டாக்டரம்மாதான் கட்டாயப்படுத்திப் படம் எடுக்கவைத்து, மூன்று குழாயும் அடைத்திருக்கிறது, உடனே ஆபரேஷன் வேண்டும் என்று கண்டுபிடித்தது. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அந்த இடத்தை விட்டால் அடுத்தது ஒன்றரை மாதம் கழித்து. அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டரம்மா எங்களிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

பாஷா பாயைத் திங்கட்கிழமையே கூப்பிட்டோம். கறுப்புத் திரையைத் திறந்து எதையெதையோ தட்டிப் பார்த்தார். அந்த மெஷின் தான் அனுப்பிய ஒவ்வொரு தாளையும் நேரத்தோடு குறித்து வைக்குமாம். பத்து இருபதுக்கு ஒரு குறிப்பும் இல்லை.

"இது அனுப்பல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் இந்த நம்பரை இதுங்கிட்ட மட்டும்தான் சொன்னேன் ஆபா. வேற எவனுக்கும் தெரியாது."

செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரை அணைத்து, கம்பியையும் பிடுங்கிவிட்டு, பிரிண்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து இருபதுக்குப் பிரிண்டர் விழித்தது. தாள் வந்தது. ஒரு பெயர். பாய் அதைத் தொடவில்லை. எழுந்து போய், தொழுகைக்கு முன் செய்வது போல முகம் கை கால் கழுவி வுளூ செய்துவிட்டு வந்து, அப்புறம்தான் எடுத்தார்.

மறுநாள் புதன்கிழமை. கபாலி லீவு போட்டிருந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையிலேயே பையோடு வந்துவிட்டார். பத்து இருபதுக்குத் தாள் வந்தபோது பிரிண்டர் பக்கத்தில் நின்றது அவர்தான். எடுத்துப் படித்தார். ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தோம். அவர் தாளை என்னிடம் நீட்டினார்.

நாளை. கபாலி 41.

அன்று அந்த ஒரே பெயர்தான்.

"கபாலின்னு மயிலாப்பூர்ல ஆயிரம் பேர் இருக்காங்க அண்ணே," என்றாள் லாவண்யா. அவள் குரலே அதை நம்பவில்லை.

"இந்த ரூம்ல ஒர்த்தன்தாம்மா கீறான்." பையைக் கீழே வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தார். "இத்தினி நாளா வந்த பேரு ஒண்ணாவது உசுரோட கீதா? இல்ல. எனக்கு நாளைக்கின்னு போட்டுக்கீது. நாளைக்கி எனக்கு இன்னா? ஆபரேசன். அப்போ நான் கத்தி மேசையிலதான் போவப் போறேன். நான் போவல. எங்க வூட்டுக்குப் போறேன்."

டாக்டரம்மா வந்து சத்தம் போட்டுப் பார்த்தார். அதட்டினார், கெஞ்சினார். கபாலி தலையை மட்டும் ஆட்டினார். நான் பாய்க்குப் போன் செய்தேன். பத்தே நிமிஷத்தில் வந்தார். தாளைப் பார்த்தார், கபாலியைப் பார்த்தார்.

"எத்தினி மணிக்கு சேரணும்?"

"அஞ்சு மணிக்குள்ள பாய்," என்றேன்.

"கபாலி, அஞ்சு மணி வரைக்கும் இங்கியே குந்து. இது எங்கேருந்து வருதுன்னு காட்டறேன். அப்புறம் உன் இஷ்டம்."

"பாய், மந்திரிச்சுக் கயிறு வேணா கட்டு. கம்பியைப் புடிச்சுக்கினு எமனைத் தேடாத."

"எமன் பேப்பர்ல எழுதி அனுப்ப மாட்டான். அனுப்பினது எதுவோ, அது கம்பி வழியாத்தான் வந்திருக்கு."

முந்தின நாள் அவர் பிடுங்கியது கம்ப்யூட்டரின் கம்பியை. பிரிண்டரின் கம்பி இன்னும் சுவரில்தான் இருந்தது. அது எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். சுவரோரமாகப் போய், படிக்கட்டுக்கு அடியில் கட்டட ஓனர் வைத்திருந்த ஒரு தகரப் பெட்டிக்குள் நுழைந்தது. நான் டார்ச் பிடித்தேன். உள்ளே பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. எங்கள் கம்பிகள் இரண்டும் புதுசு, நீலம். மூன்றாவதாக ஒன்று, தூசி படிந்து கறுத்தது, மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அதன் விளக்கும் மினுக்கியது.

பாய் அதன் நுனியைத் துடைத்தார். பழுத்துப்போன பிளாஸ்திரி. அதில் பேனாவால் எழுதிய 92. அவருடைய ஒன்பது இப்படித்தான் இருக்கும், வால் இடது பக்கம் சுருண்டு.

"யா அல்லாஹ்," என்றார். "இது என் கையெழுத்து ஆபா."

அவருக்கு அந்தக் கட்டடமே ஞாபகம் இல்லை. கீழே உட்கார்ந்தபடி தன் பழைய நோட்டைப் புரட்டினார். ஏழு வருஷத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில் இருந்தது. ஸ்ரீரங்கன், மாடி, பின்சந்து வழி, யூனிக்ஸ், ஒரு பிரிண்டர், 92. அப்போது கீழே தையல் கடை. மாடிக்குப் பின்சந்தில் தனிப் படி. கட்டடத்துக்கு முன்பக்கம் புதுசாகக் கண்ணாடி வைத்த பிறகு அவருக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. நோட்டிலிருந்த நம்பருக்குப் போன் செய்தார். ஒரு பெண் குரல். மயிலாப்பூரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார் ஸ்ரீரங்கனின் மனைவி ஜலஜா மாமி. கையில் சாவி.

"அவர் போய் அஞ்சு மாசம் ஆறது," என்றார் படி ஏறும்போது. "ஒரு தரம்தான் வந்தேன். அப்புறம் வரலே."

பாய் முன்னால், மாமி, நான், கடைசியில் கபாலி. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்தார். வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

கதவைத் திறந்ததும் அடைபட்ட காற்று முகத்தில் வந்து விழுந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நடுப்பகலில் அந்த அறைக்குள் இருந்த ஒரே வெளிச்சம் மேஜைக்கடியில் ஒரு பச்சைப் புள்ளி. மெல்லிய இரைச்சல், யாரோ மூக்கால் மூச்சு விடுவது போல. நாற்காலி மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கை கழுவப் போனவர் திரும்பி வருவதற்கு வசதியாக விட்டுப்போன மாதிரி இருந்தது. அதன் முதுகில் ஒரு துண்டு. மேஜைமேல் தூசியில்லாத ஒரு சதுரம், பிரிண்டர் இருந்த இடம்.

"நிறுத்தலையா மாமி?" என்று கேட்டார் பாய், மிக மெதுவாக.

"நிறுத்த மனசு வரலே பாய். பிரிண்டரை மட்டும் எங்கண்ணா பிள்ளை கேட்டான், குடுத்துட்டேன். மெஷின் ஓடிண்டிருக்கட்டும், என்ன இப்போன்னு கரண்ட் பில் கட்டிண்டு வரேன். அவர் இருக்கறாப்ல ஒரு இது."

பாய் நாற்காலியில் உட்காரவில்லை. குனிந்து நின்றபடியே தட்டினார். கறுப்புத் திரை விழித்தது. மாமி சொன்னார். ஸ்ரீரங்கன் ரிடையர் ஆன பிறகு இதைத் தொழிலாக இல்லை, ஒரு கைங்கரியமாக வைத்துக்கொண்டிருந்தார். பெற்றோரை இழந்த வீடுகளுக்குத் திதி வருவதை முதல் நாளே போன் செய்து சொல்வது. திதி தேதி மாதிரி இல்லை, வருஷத்துக்கு வருஷம் நகரும். அதனால் மெஷினே கணக்குப் போட்டு, மறுநாள் யாருக்குத் திதியோ அந்த இறந்தவர் பெயரையும், பதிவேட்டு எண்ணையும் தினம் காலை பத்து இருபதுக்கு அச்சடிக்கும். அவர் பதிவேட்டைப் புரட்டி அந்த வீட்டுக்குப் போன் போடுவார்.

"அவர் போனப்புறம் யாரும் பண்ணலே," என்றார் மாமி.

பாய் திரையை விட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "தப்பு என்னுது. அஞ்சு மாசமா இது தொண்ணூத்தி ரெண்டாம் நம்பர் கதவைத் தட்டிக்கினே இருந்திருக்கு. கதவே இல்ல. பதில் வரலன்னா அன்னிக்குத் தாளை விட்டுடச் சொல்லி நான்தான் எழுதி வெச்சேன், அதனால பழைய தாளெல்லாம் சேந்தும் நிக்கல. போன வியாழக்கிழமை நான் வந்து, கீழ, அதே பெட்டியில, அதே நம்பர்ல ஒரு கதவை வெச்சேன். நல்ல நம்பருன்னு எல்லா எடத்துக்கும் ஒண்ணையே குடுத்தேன் பாரு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது உன் பேரு இல்ல கபாலி."

கபாலி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மாறவில்லை.

"மிசினுக்குக் காரணம் சொல்லிட்ட. சரி. ஆனா என் பேரு ஏன் இன்னிக்கி வந்துச்சு? நேத்து வரலாம், நாளான்னிக்கி வரலாம். வருசத்துல ஒரு நாளு. அது ஏன் இன்னிக்கி?"

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

மாமி மேஜை இழுப்பறையைத் திறந்து நீளமான ஒரு பதிவேட்டை எடுத்தார். நாற்பத்தொன்றைத் தேடினார். கபாலி, இறந்தது தொண்ணூற்றெட்டில். பிள்ளை ஷ்ரவண், ஒரு போன் நம்பர். என்ன நினைத்தாரோ, தன் கைப்பேசியில் அந்த நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"நான் ஸ்ரீரங்கன் ஆத்துலேந்து பேசறேன். நாளைக்கு உங்கப்பா திதி."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மாமி! நல்ல வேளை. சார் போனதுலேர்ந்து எங்களுக்குக் கணக்கே விட்டுப்போச்சு. அம்மாகூட அடுத்த வாரம்னுதான் நெனச்சிட்டிருந்தாங்க."

கபாலி ஒரு எட்டு உள்ளே வந்தார். குனிந்து போனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உங்கப்பாரு எப்படிப்பா போனாரு?"

"யாரு பேசறது?"

"இங்க வேல செய்யறவன். சொல்லு நைனா."

"நெஞ்சு வலி. நாலு நாளா இருந்திருக்கு, யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டோம். வாய்வுடா, போடான்னாரு. என்னை சோடா வாங்கியாரச் சொன்னாரு. நான் பாட்டிலை எடுத்துக்கிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள..." குரல் நின்றது. "ஏன் கேக்கறீங்க?"

கபாலியின் கை மாரில் இருந்தது. அதை மெதுவாக எடுத்துவிட்டார்.

"சும்மாத்தான் நைனா," என்றார்.

பாய் அவரைப் பிடித்துப் படி இறக்கினார். நான் கீழே கிடந்த பையை எடுத்து வந்தேன். மாமி வந்த ஆட்டோவே நின்றுகொண்டிருந்தது. பாய் அவரோடு ஏறிக்கொண்டார். நாலே முக்காலுக்குச் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. அன்று இரவு பாய் வீட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டி ஓதிக்கொண்டிருந்தாராம். ரூஹி, அவர் மனைவி, பிறகு சொன்னாள்.

கபாலி பிழைத்தார். மாரின் நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

பாய் அடுத்த வாரம் வந்து எங்கள் பிரிண்டருக்கு எண்ணை மாற்றினார். லாவண்யாவையே ஒரு எண் சொல்லச் சொன்னார். அவள் சொன்னதை வாங்கி எழுதினார், ஏன் என்று கேட்கவில்லை. பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு, இருபது வருஷமாகத் தொண்ணூற்றிரண்டு கொடுத்த இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் வந்தார். ஒரு கட்டடத்தில் இரண்டு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒன்றை மாற்றினார். முடிக்க நாலு மாதம் ஆனது. மாடியில் மாமி கேட்டுக்கொண்டதால் வேறொரு பிரிண்டர் வைத்தார். அதற்கு மட்டும் பழைய எண்ணே.

"இங்க வர்ற பேருங்களுக்கு அது ஒரு துவா மாதிரி இருக்கட்டும் ஆபா," என்றார்.

கபாலியால் இப்போது வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வீடாக அலைய முடியாது. காலையில் மெதுவாகப் படியேறி மாடிக்குப் போகிறார். பத்து இருபதுக்கு வரும் தாளை எடுத்து, பதிவேட்டைப் பார்த்து, வீடுகளுக்குப் போன் செய்கிறார். மாமி வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிறார்.

இந்த வருஷம் அந்த நாற்பத்தொன்றாம் எண்ணின் திதி முந்தியே வந்துவிட்டது. அன்று பாயும் இங்கேதான் இருந்தார், மாடிப் பிரிண்டருக்கு மை மாற்ற வந்திருந்தார். நான் டீ கொண்டுபோயிருந்தேன். பிரிண்டர் விழித்தது. கபாலி தாளை எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு போனில் நம்பரைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அலோ, ஷ்ரவண் தம்பியா? கபாலி பேசறேன். நாளைக்கி மறந்துடாத நைனா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவன் போனை வைக்கவும் இல்லை. கபாலிக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், கையிலிருந்த தாளில் அவன் அப்பாவின் பேரை மறுபடி பார்த்தார். பாஷா பாயின் உதடு அசைந்தது. அவருடைய இடது கை, தடவப் போன பிரிண்டரின் மூடிமேல் அப்படியே நின்றுவிட்டது.

"சரிப்பா," என்றது அந்தக் குரல், கடைசியில். "மறக்க மாட்டேன்."